விரலை எடுப்பதற்கு முன்னால் ரத்த ஓட்டத்தைப் பாருங்கள்

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே உள்ள கிராமத்தைச் சேர்ந்த, இப்போது திருப்பூரில் வேலை பார்க்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு 64 வயது. 16 வருடமாகச் சுகர். 30 வருடம் பீடி பிடித்தவர். இரண்டு வருடமாக வயலுக்கு நடந்து போகும்போது வலது கெண்டைக்காலில் பிடிப்பு வரும், மதகுக் கட்டையில் ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் விட்டுவிடும். ஒரு மாதமாகப் பெருவிரல் நுனி கறுத்துவிட்டது, ராத்திரியில் தூக்கமே இல்லை. ஓர் இடத்தில் விரலை எடுத்துவிடலாம் என்கிறார்கள். இன்னோர் இடத்தில் தொடை வழியாகப் பலூன் விட்டு அடைப்பைத் திறக்கலாம், பெரிய ஆபரேஷன் இல்லை என்கிறார்கள். கணுக்காலில் பிரஷர் பார்த்தவர்கள் நார்மல் என்றும் சொல்லியிருக்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது, இந்த வயதில் தாங்குவாரா, திரும்ப அடைக்குமா, செலவுக்கு என்ன செய்வது என்பது தம்பியின் கேள்வி.

நான் டாக்டர் இல்லை. தஞ்சாவூரில் கேத் லேபிலும் (ரத்தக்குழாய்க்குள் மெல்லிய குழாய் விட்டுச் சிகிச்சை செய்யும் அறை) அறுவை சிகிச்சை வார்டிலுமாக 22 வருடம் நர்ஸாக இருந்தவள். பலூன் போட்ட கால்களையும் பார்த்திருக்கிறேன், போடாமல் விட்ட கால்களுக்கு டிரெஸ்ஸிங்கும் செய்திருக்கிறேன். அதை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் அவசரமான விஷயம். அப்பாவின் விரலிலிருந்து சீழ் வருகிறதா, நாற்றம் இருக்கிறதா, பாதம் சிவந்து வீங்கியிருக்கிறதா, காய்ச்சல் அடிக்கிறதா? இதில் ஒன்று இருந்தாலும் மீதியைப் படிக்காமல் இன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போகச் சொல்லுங்கள். அது ஈர அழுகல். சீழை உடனே வெளியேற்ற வேண்டும், அதற்காக விரலையே எடுக்க நேர்ந்தாலும் காத்திருக்கக் கூடாது. ரத்தக்குழாய் வேலை அடுத்த சில நாட்களில் நடக்கலாம். அப்படி எதுவும் இல்லாமல் நுனி மட்டும் காய்ந்த சருகு மாதிரி கறுத்திருந்தால் அது உலர் அழுகல். அதில் வரிசை தலைகீழ்: முதலில் ரத்த ஓட்டத்தைச் சரிசெய்ய வேண்டும், பிறகுதான் விரல். இந்த வரிசை மாறினால் என்ன ஆகும் என்று எனக்கு வீட்டிலேயே தெரியும்.

என் பெரியப்பாவுக்கு நடந்தது அது. நான் படித்துக்கொண்டிருந்த காலம். கால் விரல் கறுத்தது, ஒரு மருத்துவமனையில் எடுத்தார்கள். எடுத்த இடம் ஆறவில்லை. ஒரு மாதம் கழித்துப் பாதத்தில் பாதி. அதுவும் ஆறவில்லை. பிறகு முழங்காலுக்குக் கீழே, கடைசியில் தொடையில். நான்கு முறை தியேட்டருக்குப் போனார். இந்த நான்கு தடவையிலும் புறங்காலில் விரல் வைத்து நாடி துடிக்கிறதா என்று யாரும் பார்த்ததாகக் கேஸ் ஷீட்டில் ஒரு வரி கிடையாது. ரத்தம் போகாத இடத்தில் வெட்டினால் வெட்டிய இடமும் சாகும். தையல் போடுவது டாக்டர், ஆற வைப்பது ரத்தம். அதனால்தான் கால் விரலை எடுக்க வேண்டும் என்று யார் சொன்னாலும், நான் திருப்பிக் கேட்கச் சொல்வது ஒன்றே ஒன்று: “இந்தக் காலுக்கு ரத்த ஓட்டம் எவ்வளவு இருக்கிறது, எதை வைத்துச் சொல்கிறீர்கள்?”

சரி, காலுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். தொப்புள் மட்டத்தில் பெரிய ரத்தக்குழாய் இரண்டாகப் பிரிகிறது. ஒவ்வொன்றும் இடுப்பு வழியாகத் தொடைக்கு இறங்கி, முழங்காலின் பின்பக்கம் போய், அதற்குக் கீழே மூன்று கிளையாகி, பாதத்தில் முடிகிறது. நம் ஊர்க்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். கல்லணையில் பிரிந்த தண்ணீர் வெண்ணாறு, கிளை ஆறு, வாய்க்கால் என்று இறங்கி உங்கள் ஊருக்கு வந்து சேர்வதற்குள் என்ன ஆகிறது என்று உங்கள் அப்பாவுக்கே தெரியும். பாதம்தான் உடம்பின் கடைமடை. மேலே எங்கே தூர்ந்தாலும் முதலில் காய்வது அங்கேதான்.

குழாயின் உள்சுவரில் கொழுப்பும் சுண்ணாம்பும் படிந்து வழி குறுகுகிறது. புகை பிடிப்பவர்களுக்குப் பெரும்பாலும் இடுப்பு, தொடைப் பகுதியில் அடைக்கும். சுகர்காரர்களுக்கு முழங்காலுக்குக் கீழே உள்ள மெல்லிய கிளைகளில் அடைக்கும். அப்பாவுக்கு இரண்டும் இருப்பதால் இரண்டு இடத்திலும் இருக்க வாய்ப்பு உண்டு. நடக்கும்போது தசைக்கு ரத்தம் அதிகம் வேண்டும், கிடைக்காததால் கெண்டைக்கால் பிடிக்கிறது. உட்கார்ந்தால் தேவை குறைகிறது, வலி விடுகிறது. இரண்டு வருடம் அவர் மதகில் உட்கார்ந்து எழுந்தது இதனால்தான். நம் பக்கத்தில் இதை நரம்புத் தளர்ச்சி, வாய்வு, மூட்டுத் தேய்மானம் என்று சொல்லித் தைலம் தேய்த்தே காலம் போய்விடுகிறது. மூட்டு வலிக்கு இப்படிக் கணக்கு இருக்காது. இவ்வளவு தூரம் நடந்தால் வரும், நின்றால் சில நிமிடத்தில் போகும், மறுபடி அதே தூரத்தில் வரும் என்றால் அது ரத்தக்குழாய் என்று சந்தேகப்படுங்கள்.

இப்போது அவர் ராத்திரியில் காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கப்போட்டால் வலி குறைகிறதா என்று கேளுங்கள். குறைந்தால், படுத்திருக்கும்போதுகூடப் பாதத்துக்கு ரத்தம் போதவில்லை, பூமியின் இழுப்பில்தான் கொஞ்சம் இறங்குகிறது என்று பொருள். அந்த நிலை வந்துவிட்டால் கால் ஆபத்தில் இருக்கிறது. வாரக்கணக்கில் யோசிக்க நேரம் கிடையாது.

அடுத்தது, “கணுக்கால் பிரஷர் நார்மல்” என்ற விஷயம். கணுக்காலில் அளக்கும் பிரஷரைக் கையில் அளக்கும் பிரஷரால் வகுப்பார்கள். 1க்கு அருகில் வந்தால் நல்லது, 0.9 அல்லது அதற்குக் கீழே வந்தால் அடைப்பு. மலிவான, நல்ல பரிசோதனை. ஆனால் பல வருடம் சுகர் இருப்பவர்களுக்கும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் இது ஏமாற்றும். அவர்களின் குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு ஏறிக் கல்லாகி இருக்கும், பட்டையை எவ்வளவு இறுக்கினாலும் அமுங்காது. அதனால் உள்ளே ஓட்டம் இல்லாவிட்டாலும் எண் நன்றாகவே வரும். 1.4க்கு மேல் போனால் டாக்டர்களே சந்தேகப்படுவார்கள். 1.1, 1.2 என்று வரும்போதுதான் நார்மல் என்று எழுதி அனுப்பிவிடுகிறார்கள். விரல் கறுத்த சுகர்காரருக்கு அந்த எண்ணை மட்டும் நம்பக் கூடாது. கால் விரலில் சின்னப் பட்டை கட்டி அளக்கும் விரல் பிரஷர் இதைவிட நம்பத் தகுந்தது. இதில் வகுக்காமல் பிரஷரையே பார்ப்பார்கள், அது 30க்குக் கீழே போனால் புண் தானாக ஆறுவது மிகவும் கடினம். அந்த வசதி இல்லாத இடத்தில் ஒலி அலையால் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுத்து எந்த இடத்தில் அடைப்பு என்று பார்ப்பார்கள். அப்புறம் தேவைப்பட்டால், மருந்து செலுத்தி ரத்தக்குழாய்களைப் படம் எடுக்கும் சி.டி. ஆஞ்சியோ.

இனி பலூன். இதயத்துக்கு வந்த வைத்தியத்தைக் காலுக்கும் செய்கிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இது முதலில் காலில்தான் தொடங்கியது. 1964 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லேண்ட் நகரில் 82 வயது அம்மா ஒருவருக்குக் கால் விரல்கள் அழுகி, காலை எடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அவர் முடியவே முடியாது என்று மறுத்துவிட்டார். சார்லஸ் டாட்டர் என்ற கதிரியக்க மருத்துவர், தொடை ரத்தக்குழாயில் இருந்த சுருக்கத்தைக் குழாய்களை ஒன்றைவிட ஒன்று பருமனாக உள்ளே செலுத்தி விரித்தார். கால் பிழைத்தது. அந்த அம்மா அதற்குப் பிறகு இரண்டு வருடத்துக்கு மேல் சொந்தக் காலில் நடந்தார். பிறகு ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் என்பவர் சூரிச்சில் பலூனைக் கொண்டுவந்தார். அவரும் 1974இல் காலில் செய்த பிறகுதான் 1977இல் இதயத்தில் செய்தார்.

கேத் லேபில் நடப்பதைச் சொல்கிறேன், அப்பாவுக்குச் சொல்லிவையுங்கள், பயம் குறையும். முழு மயக்கம் பெரும்பாலும் தேவைப்படாது. தொடை இடுக்கில் மரத்துப்போக ஊசி போடுவார்கள். அங்கே ரத்தக்குழாயில் ஊசியால் துளையிட்டு, பேனா ரீஃபில் அளவுள்ள ஒரு சிறு குழாயைச் செருகுவார்கள். அதன் வழியாக மருந்து செலுத்தும்போது கால் முழுக்கச் சூடு பரவும், அது சகஜம். திரையில் ரத்தக்குழாய் கிளை கிளையாகத் தெரியும், அடைத்த இடத்தில் சட்டென்று அறுந்து நிற்கும். மெல்லிய கம்பியை அந்த அடைப்பைத் தாண்டிக் கொண்டுபோவதுதான் கஷ்டமான வேலை. சில நேரம் பத்து நிமிடம், சில நேரம் இரண்டு மணி நேரம். மேலிருந்து தாண்ட முடியாதபோது பாதத்தில் இருந்து மேல்நோக்கிக் கம்பியைக் கொண்டுவருவதும் உண்டு. கம்பி தாண்டிவிட்டால் அதன் மேல் பலூனை ஓட்டி, அடைப்பில் வைத்து ஊதி, இரண்டு மூன்று நிமிடம் வைத்திருப்பார்கள். தொடையில் 5, 6 மில்லிமீட்டர் பலூன், முழங்காலுக்குக் கீழே 2, 3 மில்லிமீட்டர். ஊதும்போது இறுக்கமும் வலியும் தெரியும், பலூனைச் சுருக்கியதும் போய்விடும். போகாமல் நீடித்தால் பக்கத்தில் நிற்கும் சிஸ்டரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பல பெரியவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பார்கள். அது வேண்டாம்.

பலூன் அடைப்பை வெளியே எடுத்துவிடுவதில்லை. சுவரோடு ஒதுக்கி வழியை விரிக்கிறது, அவ்வளவுதான். வாய்க்காலைத் தூர் வாருவது மாதிரி உள்ளே சுரண்டி எடுக்கும் கருவிகளும் இருக்கின்றன, சுண்ணாம்பு அதிகம் உள்ள இடத்தில் அவை உதவும், ஆனால் செலவு கூடும், எல்லோருக்கும் தேவையில்லை. ஸ்டென்ட் என்னும் வலைக்குழாய் இடுப்புப் பகுதியில் மிக நன்றாக வேலை செய்கிறது. முழங்காலுக்குப் பின்னால் அது மடங்கி நசுங்கும் என்பதால் முடிந்தவரை தவிர்ப்பார்கள். முழங்காலுக்குக் கீழே பெரும்பாலும் பலூன் மட்டும்தான். “எத்தனை ஸ்டென்ட் வைத்தார்கள்” என்று ஊரில் கேட்பார்கள், அதில் பெருமைக்கு ஒன்றுமில்லை. மருந்து பூசிய பலூன் என்று ஒன்று உண்டு, தொடைப் பகுதியில் மறு அடைப்பைத் தள்ளிப்போட உதவும். அதில் உள்ள மருந்தால் உயிருக்கு ஆபத்து கூடுமோ என்று 2018இல் ஒரு சந்தேகம் கிளம்பியது. கிடைத்த தகவல்கள் அந்தச் சந்தேகத்தை ஆதரிக்கவில்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023இல் தெரிவித்தது.

திரும்ப அடைக்குமா? அடைக்கலாம். முழங்காலுக்குக் கீழே திறந்த மெல்லிய கிளைகள் சில மாதங்களிலேயே மறுபடி குறுகுவது அடிக்கடி நடப்பதுதான். அப்படியென்றால் எதற்குச் செய்ய வேண்டும் என்று கேட்பீர்கள். புண்ணை ஆற்றுவதற்கு ரத்தம் நிறையத் தேவை. ஆறி மூடிய தோலைக் காப்பாற்ற அவ்வளவு தேவையில்லை. கதிர் முற்றும் வரை தண்ணீர் நின்றால் போதும், அதற்குப் பிறகு வரத்து குறைந்தாலும் விளைச்சல் வீட்டுக்கு வந்துவிடும். அந்த மூன்று நான்கு மாத ஓட்டத்தைத்தான் பலூன் வாங்கித் தருகிறது. மூன்று கிளையையும் திறக்க வேண்டும் என்பதும் இல்லை, பாதம் வரை நேராக ஒன்று ஓடினாலே பல புண்கள் ஆறிவிடும். அதனால் பலூன் முடிந்த மறுநாளே வேலை முடிந்தது என்று டிரெஸ்ஸிங்கை விட்டுவிடாதீர்கள். கிடைத்த ஓட்டத்தை வீணாக்குவது அது.

பைபாஸ் பற்றியும் கேளுங்கள். காலிலிருந்தே நல்ல சிரை (ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்) ஒன்றை எடுத்து அடைப்பைத் தாண்டி இணைக்கும் ஆபரேஷன் அது. எங்கள் டாக்டர்கள் அடிக்கடி பேசும் இரண்டு பெரிய ஆய்வுகள் உண்டு. 2022இல் வெளியான பெஸ்ட் சி.எல்.ஐ. ஆய்வில், நல்ல நீளமான சிரை உள்ளவர்களுக்குப் பைபாஸ் முந்தியது. 2023இல் பிரிட்டனில் இருந்து வந்த பேசில் 2 ஆய்வில், முழங்காலுக்குக் கீழே உள்ள அடைப்புக்குப் பலூனை முதலில் செய்தவர்கள் காலும் உயிரும் தப்பியதில் முன்னால் இருந்தார்கள். ஒன்றுக்கொன்று முரண்படுவது போலத் தெரிந்தாலும் நோயாளிகள் வேறு, அடைப்பின் இடமும் வேறு. எனவே பலூன் மட்டும்தான் நல்லது என்று சொல்லும் இடத்தையும், வெட்டித் தைப்பதுதான் நிரந்தரம் என்று சொல்லும் இடத்தையும் நான் தயக்கத்தோடுதான் பார்ப்பேன். “அப்பாவின் சிரையை ஸ்கேன் செய்து பார்த்தீர்களா, அவர் இதயம் பெரிய ஆபரேஷனைத் தாங்குமா” என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

வயதைப் பற்றிக் கவலை வேண்டாம். 80 தாண்டியவர்களும் செய்துகொண்டு மறுநாள் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். கவலைப்பட வேண்டியது சிறுநீரகத்தைப் பற்றி. படம் எடுக்கச் செலுத்தும் மருந்து பலவீனமான சிறுநீரகத்தைப் பாதிக்கும். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் இல்லாமல் போகாதீர்கள். சுகருக்குச் சாப்பிடும் மெட்ஃபார்மின் மாத்திரையை நிறுத்த வேண்டுமா, எத்தனை நாள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை எது இருந்தாலும் சொல்லுங்கள். மற்ற ஆபத்துகளும் உண்டு: துளையிட்ட இடத்தில் ரத்தம் கட்டுவது, படிவில் ஒரு துணுக்கு உடைந்து கீழே போய் அடைப்பது, கம்பி தாண்டாமலே போவது. குழாயை எடுத்த பிறகு தொடை இடுக்கைக் கையால் அழுத்திப் பிடித்திருப்போம். அதற்குப் பிறகு சில மணி நேரம் காலை மடக்கக் கூடாது. கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று எழுந்து உட்கார்ந்து, இடுக்கு பந்து மாதிரி வீங்கிய எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். கூட இருப்பவர் அந்த நேரம் முழுக்கப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். திடீரென்று வீக்கம், முதுகு வலி, மயக்கம், பாதம் சில்லிட்டு வெளுப்பது என்றால் உடனே கூப்பிடுங்கள்.

இந்த இடத்தில் இன்னொரு தரப்பினருக்கும் சொல்லிவிடுகிறேன். நடந்தால் கெண்டைக்கால் பிடிக்கிறது, ஆனால் புண் இல்லை, ராத்திரி வலி இல்லை என்பவர்கள் பலூனுக்கு ஓட வேண்டாம். வலி வரும்வரை நடந்து, நின்று, விட்டதும் மறுபடி நடப்பது என்று ஒரு நாளைக்கு 30 முதல் 45 நிமிடம், வாரத்துக்கு மூன்று நாளாவது, மூன்று மாதம் செய்தால் நடக்கும் தூரம் நன்றாகக் கூடும். அடைப்பைச் சுற்றிச் சிறு குழாய்கள் பெருகுவதும், இருக்கும் ரத்தத்தைத் தசை நன்றாகப் பயன்படுத்தக் கற்றுக்கொள்வதும் அதற்குக் காரணம். சிலோஸ்டசால் என்ற மாத்திரையும் உதவும், இதயம் பலவீனமானவர்களுக்கு மட்டும் கூடாது. விரலில் புண் இருக்கும் உங்கள் அப்பாவுக்கு இந்த நடை இப்போது கூடாது.

பீடி. அப்பா விட்டுவிட்டாரா என்று நீங்கள் எழுதவில்லை. பலூன் போட்ட காலை மறுபடி அடைப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. வெற்றிலையோடு புகையிலை போட்டாலும் அதே நிகோடின்தான். 30, 35 வயதில் பீடியினால் விரல் கறுத்து வரும் இளைஞர்களையும் பார்த்திருக்கிறேன், அது பர்கர் நோய். அவர்களுக்குப் பலூன்கூடப் பெரும்பாலும் கைகொடுக்காது, புகையிலையை அடியோடு விட்டவர்களுக்குத்தான் கால் நிற்கிறது. பிறகு மாத்திரைகள்: ரத்தம் கட்டாமல் இருக்க ஆஸ்பிரின் அல்லது குளோபிடோக்ரல், கொழுப்புக்கு ஸ்டாட்டின். கொழுப்பு நார்மல் என்று ரிப்போர்ட் வந்தாலும் ஸ்டாட்டினை நிறுத்தக் கூடாது. காலில் அடைத்த குழாய் இதயத்திலும் மூளைக்குப் போகும் வழியிலும் அடைத்துக்கொண்டிருக்கும், அந்த மாத்திரை அதற்கும் சேர்த்துத்தான். அப்பாவுக்கு ஒரு ஈ.சி.ஜி.யும் எக்கோவும் (இதய ஸ்கேன்) எடுத்துவிடச் சொல்லுங்கள்.

செலவுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை. அட்டை, ரேஷன் கார்டு, ஆதார் மூன்றையும் எடுத்துக்கொண்டு, சேர்ப்பதற்கு முன்பே மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் போய், இந்தச் சிகிச்சைக்கு இங்கே அனுமதி உண்டா, வெளியில் எதற்குப் பணம் கட்ட வேண்டிவரும் என்று கேளுங்கள். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு முதலில் அழைத்துப் போகலாம். சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் ரத்தக்குழாய் அறுவை சிகிச்சைக்குத் தனித் துறையே இருக்கிறது.

போகும்வரை வீட்டில் கடைப்பிடிக்க வேண்டியவை கொஞ்சம். வெந்நீர் ஒத்தடம் வேண்டாம், உணர்ச்சி குறைந்த பாதம் வெந்தாலும் தெரியாது. சித்திரை வெயிலில் கோயில் பிராகாரக் கல்லில் வெறுங்காலோடு சுற்றிவிட்டு, உள்ளங்கால் முழுக்கக் கொப்பளத்தோடு வந்தவர்களை வருடாவருடம் பார்த்தேன். தைலம் தேய்த்துக் காலை நீவக் கூடாது. கறுத்த தோலைப் பிளேடால் சீவக் கூடாது. தண்ணீரில் ஊறவைக்காமல், உலர்ந்த சுத்தமான துணியால் தளர்வாகச் சுற்றி வைத்தால் போதும். நடவு நேரம், சேற்றில் ஒரு எட்டு இறங்கிவிட்டு வருகிறேன் என்பார், விடாதீர்கள்.

அம்மாவிடம் சொல்லி, இன்று சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே அப்பாவின் இடது காலையும் பார்க்கச் சொல்லுங்கள். விரல் இடுக்கு, குதிகால், நகத்தின் ஓரம் என்று ஒவ்வொன்றாக. எல்லோரும் கறுத்த விரலையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள், மற்றக் காலுக்கும் அதே குழாயிலிருந்துதான் ரத்தம் வருகிறது. அதற்கும் டாப்ளர் எடுக்கச் சொல்லுங்கள்.